செல்ஃப் மோட்டாரும் ஓர் ஏச்சும்

எனக்கு வாய் அதிகம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் பேசி முடிக்கக் காத்திருந்தால் அடுப்பில் வைத்த பால் சுண்டிப்போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்வார் என்பதெல்லாம் பழைய கதை. போன ஆனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன, பேச்சும் போனது. வேண்டுமென்றால் "ம்" என்பார், வேண்டாமென்றால் தலையை ஆட்டுவார். மீதியை எல்லாம் அவருக்காகவும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, அவங்களுக்குப் பேச்சு போகல. வார்த்தை வர நேரமாகுது, அவ்வளவுதான். அவங்க தேடிட்டு இருக்கும்போதே நீங்க எடுத்துக் குடுத்திருதீங்க. கொஞ்சம் பேசாம இருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகக் குடித்தனம் நடத்தியவளுக்கு, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாதா? வீடு வந்து சேரும்வரை அந்தப் பெண்ணைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி என்றது எங்கள் பழைய டீசல் வேனைத்தான். அவர் வாடகைக்கு ஓட்டிய வண்டி. மொட்டை போட, காது குத்த என்று திருச்செந்தூருக்குப் போய் வந்ததற்குக் கணக்கே கிடையாது. புன்னக்காயலில் கல்யாணம் என்றாலும் எங்கள் வேன்தான் போகும். கல்யாணமான புதிதில் அதற்கு முந்தைய வண்டியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அது இப்போது கைகொடுத்தது. அவர் படுத்த பிறகு வாடகை ஓட்டம் நின்றுபோனது. பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது மட்டும் நிற்கவில்லை.

ஆட்டோவில் போகலாமே என்று கேட்பார்கள். ஒரு தடவை போனோம். இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். போகும்போதும் வரும்போதும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த முறை பயிற்சிக்கு வரமாட்டேன் என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வேனில் அப்படியில்லை. இடக்கையால் கைப்பிடியைப் பற்றி, முக்கி முனகியாவது தானே ஏறி உட்காருவார். ஏறியதும் அவர் முகத்தில் ஒரு நிமிர்வு வரும். அதனால் வேன் இல்லையென்றால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லையென்றால் பேச்சும் நடையும் அப்படியே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வேன்தான் தை மாதத் தொடக்கத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுழற்றிவிடுவது செல்ஃப் மோட்டார். முதலில் அது இழுத்து இழுத்து முனகியது. பிறகு "டக்" என்ற சத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் தெருவே வந்து தள்ளியது. பக்கத்து வீட்டு அண்ணன் சவூதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவர். அவர்தான் தலைமை. "தள்ளு வே! நல்லா முட்டுக் குடுத்துத் தள்ளு வே!" என்று அவர் போடுகிற சத்தத்தில் பால்காரர், பல் தேய்த்துக்கொண்டு நின்றவர், பள்ளிக்கூட வாத்தியார் என எல்லோரும் வந்து கை வைப்பார்கள். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. 

என் கொழுந்தனுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. அண்ணன் மேல் உயிரை வைத்திருக்கிற பிள்ளைதான். ஆனால் எதையும் சட்டுபுட்டென்று முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"எத்தன நாளைக்கு மதினி ஊரைக் கூட்டித் தள்ளிக்கிட்டே இருப்பிய? சாத்தான்குளத்துல பழைய வண்டி எடுக்குத ஆளு ஒருத்தர் இருக்காரு. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன். தள்ளி விட்டுருவோம். அண்ணனுக்கு இனி வண்டி எதுக்கு?"

இதை அவர் காதுபடவே சொன்னான். அவர் இடக்கை நாற்காலியின் கையை இறுகப் பிடித்தது. உதடு துடித்தது. நான் உடனே, "யோசிச்சுச் சொல்லுதோம் தம்பி" என்று பேச்சை முடித்து வைத்தேன். அவர் உதடும் மூடிக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை.

எங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால், அவர் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார். முருகனோடு போட்டி போட முடியுமா? பக்கத்து வீட்டு அண்ணன் சனிக்கிழமை காலை ஜங்ஷன் பக்கம் போய், சரிசெய்து விற்கிற மோட்டார் ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றி வந்து கொடுத்தார்.

"தங்கச்சி, காயல்பட்டினத்துல ஒரு நிக்காஹ். போயிட்டுச் சாயந்தரம் வந்து மாட்டித் தாரேன். அவசரப்படாத, என்ன?"

அவசரப்படாதே என்று என்னிடம் சொன்னது அவர் தப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆள் வந்து நிற்கும். அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "பதினாலு குடு, பதினேழு குடு" என்று கேட்க, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள் நான். எனக்குத் தெரியாத செல்ஃப் மோட்டாரா?

முருங்கை மர நிழலில் அவருடைய நாற்காலியை வேனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டி. வெளிச்சம் விழட்டும் என்று சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். ஜாக்கி வைக்காமலே நுழையக்கூடிய உயரம்தான், ஆனால் என் உடம்புக்கு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரிய தூக்குவாளி மேல் சின்னத் தூக்குவாளியை ஒட்டவைத்த மாதிரி மோட்டார் தெரிந்தது. அதில் தடித்த வயர் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அந்த நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

"ஏட்டீ!"

திடுக்கிட்டு நிமிர்ந்ததில் நெற்றி இரும்பில் மோதியது. தெருவில் யாரோ பெண்டாட்டியை ஏசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் வந்தது.

"ஏட்டி... பேட்டரி!"

ஊர்ந்து வெளியே வந்தேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இடக்கை பேட்டரியைக் காட்டி நின்றது. பேட்டரி வயரைக் கழற்றாமலே நான் உள்ளே போயிருக்கிறேன். ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டிருந்தால் தீப்பொறி பறந்து கை வெந்திருக்கும். டீசல் குழாய் வேறு அங்கேயேதான் போகிறது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை. அவரிடம் ஓர் ஏச்சு வாங்கி எத்தனை மாதமாகிவிட்டது! அது வேண்டும் என்று நான் ஏங்கியிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னிய? இன்னொருக்கா சொல்லுங்க."

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பது போலப் பார்த்தார்.

"பே... பேட்டரி. கழத்து."

கழற்றினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கீழ போல்ட்டு." "மேல." மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியாது, கையால்தான் தேட வேண்டும். "தடவு" என்றார். பழைய மோட்டார் கழன்று நெஞ்சில் இறங்கியபோது "பைய... பைய..." என்றார். அவர் குரல் குழறத்தான் செய்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்து இரண்டு மோட்டார்களையும் அவர் காலடியில் வைத்தேன். குனிந்து, இடக்கை விரலால் பற்சக்கரத்துப் பல்லைத் தொட்டுத் தொட்டு இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தார். "ம்" என்றார். புதியதை மாட்டி, பேட்டரி வயரைக் கடைசியாகச் சேர்த்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பினேன்.

டக்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவேண்டாம். மோட்டார் விற்ற கடைக்காரரில் தொடங்கி, பாதயாத்திரை போன மெக்கானிக் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. சாவியை மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டே திட்டினேன். அவர் இடக்கையைத் தூக்கினார்.

"இரு."

நிறுத்தினேன். அவர் எதையோ யோசித்தார். வாய் ஒரு வார்த்தையைத் தேடியது. எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. வயரா? பேட்டரியா? மோட்டாரைத் திருப்பி மாட்டிவிட்டேனா? கேட்டிருந்தால் ஏதோ ஒன்றுக்கு "ம்" சொல்லியிருப்பார். அந்தப் பயிற்சிப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றதாக எனக்கு நினைவில்லை.

"சூடு," என்றார் கடைசியில். "தொட்டுப் பாரு."

வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு வயரில் சூடில்லை. பேட்டரியிலும் இல்லை. பேட்டரியிலிருந்து போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேர்கிற கறுப்பு வயரின் முனைதான் கையைச் சுட்டது. அங்கே ஒரு போல்ட் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்து கிடந்தன.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்கென்று அவர் பொட்டு வைக்கிற இடம் அந்த போல்ட். கட்டைவிரலுக்கு வாகான இடம். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுத் தாராளமாகக் குழைத்து, போன வருடத்துப் பொட்டின் மேலேயே இந்த வருடத்துப் பொட்டு. கத்தியால் சுரண்டினால் அடியில் போல்ட்டும் வயர் முனையும் துருப்பிடித்துப் பொருக்காக உதிர்ந்தன. இதில் கரண்ட் எப்படிப் போகும்? போக வழியில்லாமல்தான் அங்கே சூடேறியிருக்கிறது.

"நல்லாப் பாருங்க, உங்க பக்தியை!" என்று ஒரு பத்தையைப் பெயர்த்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். வாய் ஒருபக்கம் கோணத்தான் செய்தது, ஆனால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. முகமெல்லாம் கரியோடு நானும், கையில் சந்தனக் கட்டியோடு அவரும் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போய்விட்டது.

உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். வயரை மாட்டி இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டு கரும்புகையைக் கக்கியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணனின் மனைவி மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"யாரு தள்ளினது?"

"யாரும் தள்ளல மதினி. இந்தா உக்காந்திருக்காங்கல்லா, இவங்கதான் எடுத்தாங்க."

சாயங்காலம் அண்ணன் வந்து பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை நகம் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. "ரெண்டு பக்கமும் குத்தம் இருந்திருக்கு தங்கச்சி. ரெண்டும் தீந்துது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவரில்லாத நேரத்தில் நான் கை வைத்ததற்கு ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் செய்தார். அன்றைக்கு எனக்கு ஏச்சு யோகம்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் சொன்னபடி ஆளோடு வந்தான். நான் சாவியைத் திருப்பிக் காட்டினேன். வண்டி உறுமியதும் அவன் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு மதினி! ஓடுத வண்டின்னா இன்னும் நல்ல விலைக்குப் போகும்லா." அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "என்ன அண்ணே, குடுத்திருவமா?"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வந்த ஆள் வண்டியைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். என் வாய் தானாகத் திறந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். "சரி, அண்ணனுக்குச் சம்மதம்தான்..." என்று கொழுந்தன் எழுந்திருக்கப் போனான். அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"த..." என்றார் அவர். நெற்றியில் வியர்த்தது. இடக்கை நாற்காலியை இறுக்கியது. "தர..."

நாங்கள் காத்திருந்தோம்.

"தர மாட்டேன்."

கொழுந்தன் வாயைப் பிளந்து அவரையே பார்த்தான். பிறகு அவர் செத்த கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதான். என்ன செய்வதென்று தெரியாமல் வந்த ஆள் வாசலைப் பார்த்து நகர்ந்தார். அவரை இடக்கையால் இருக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"காப்பி," என்றார்.

வீட்டுக்கு வந்தவருக்கு இன்னும் காப்பி கொடுக்காமல் நிற்கிறாளே என்ற எரிச்சல் முழுதாக இருந்தது அந்தக் குரலில். ஒரு வார்த்தை பதில் பேசாமல் அடுப்படிக்குள் ஓடினேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, தள்ளிய கைகளுக்கும் பேசாமல் இருக்கச் சொன்ன அந்தப் பெண்ணுக்கும் திருச்செந்தூர் முருகனுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே நின்றேன். வெளியிலிருந்து, "ஏட்டி, பால் பொங்குது!" என்று சத்தம் வந்தது.