தைத்துத் தந்த பொதி

1. முல்லைத்தீவிலிருந்து ரெஜினா அன்ரி வவுனியா பஸ் நிலையத்துக்கு வந்து, ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கென்று, அங்கே திரும்பும் என்னிடம் துணியில் தைத்த பொதியொன்றைத் தருகிறார்.
2. பொதிக்குள் என்னவென்று விமான நிலையத்தில் என்னிடம்தான் கேட்பார்கள். அவர் முகம் சுருங்கினாலும் தையலைப் பிரிக்கிறேன்.
3. கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே பழைய கைத்தொலைபேசி. உள்ளே பற்றரி வீங்கியதில் அதன் பின்மூடி ஊதிப்போய் நிற்கிறது.

என் வேலையே பற்றரிகளோடுதான். பறக்கும்போது இது பெட்டிக்குள் தீப்பிடித்தால் யாராலும் கிட்டப் போக முடியாது.

"அது செத்த போன், பிள்ளை. என்ன செய்யப்போகுது?"

"செத்தாலும் எரியும், அன்ரி. பற்றரியைக் கழட்டுவம்."

"கழட்டினா அவற்ற குரல் போகாதோ? என்ர மனுசன் கண்ணை மூடமுதல் மகனுக்கெண்டு இதில பேசி வச்சது. பாதி ஏச்சுத்தான், எண்டாலும் அவன் கேக்கோணும்."

"குரல் பற்றரிக்குள்ள இல்லை, அன்ரி."

"நீ படிச்சனி. சொன்னாச் சரி."

எதிரே தொலைபேசி திருத்தும் கடைக்காரர் மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டால் மூடியை நெம்புகிறார். பற்றரியில் கீறல் விழுந்தால் அங்கேயே புகையும். அன்ரி சிலுவை போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். பற்றரி முழுதாக வெளியே வருகிறது. கடைக்காரர் அதை மணல் வாளிக்குள் புதைக்கிறார்.

"இனிக் குரல் கேக்குமோ, தம்பி?"

"வேற பற்றரி போட்டாத்தான் தெரியும், அம்மா. இந்த மொடலுக்கு இஞ்ச இல்லை."

கொழும்பு பஸ் புறப்பட இருபது நிமிடம் இருக்கிறது. பற்றரியில்லாத தொலைபேசி என் கைப்பையில் இருக்கிறது. அதற்குள் குரல் இருக்கிறதா என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.