இரண்டு கன்னத்து முத்தம்

என் மகள் முதலில் கடித்தது என் நாத்தனாரைத்தான். பிரான்சிலிருந்து வக்கான்ஸுக்கு வந்திருந்தார். விடுமுறை என்று சொன்னால் என் புகுந்த வீட்டில் யார் காதிலும் ஏறாது, வக்கான்ஸ் என்றால்தான் ஏறும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவர், சாக்லேட் பையோடு வந்து என் தோளைப் பிடித்து, பிரெஞ்சு வழக்கப்படி ஒரு கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு மறு கன்னத்துக்குத் திரும்பினார். அதற்குள் என் நாலு வயசுப் பிள்ளை பாய்ந்து அவர் கையைக் கடித்துவிட்டது.

“ஐயோ! இன்னா பிள்ள வளத்து வச்சிருக்க நீ?” என்று அலறினார்.

எனக்கு மானம் போனது. பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. அடித்த என் கழுத்தையே கட்டிக்கொண்டு, சாக்லேட்டுக்குக்கூட இறங்க மாட்டேன் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சின்ன மாமனாரைக் கடித்தாள். அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில், யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு பாரிஸ் அம்மாவை. விழுப்புரத்திலிருந்து என் அம்மா போனில் திருஷ்டி என்றார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மாமியார் பூச்சி என்றார், மருந்து கொடுத்தேன். டாக்டரோ, “இந்த வயசுல அப்படித்தாம்மா, போகப்போக சரியாயிடும்” என்றார். அதுவரை ஊரில் எத்தனை பேர் கடிபட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

புது மனிதர்கள் என்றால் பயமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. தெருவுக்குப் புதிதாக வந்த மீன்காரம்மாவிடம் ஓடிப்போய் நண்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறாள். பெரிய மார்க்கெட்டில் பூக்காரர்கள் தூக்கிக் கொஞ்சினால் சும்மா இருக்கிறாள். என் புகுந்த வீட்டுச் சனத்தை மட்டும் ஏன் கடிக்கிறாள்? நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நாத்தனார் நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எனக்கு வேறு கவலை இருந்தது. அடுத்த மாதம் என் கணவர் லீவில் வருகிறார். அவருக்கு வேலை பிரான்சில்; எங்கள் விசா பேப்பர்கள் இன்னும் வந்து சேராததால் நானும் பிள்ளையும் இங்கே. வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவரையும் கடித்து, அவரும் கோபப்பட்டு, இரண்டு பேரும் ஒட்டாமலே லீவு முடிந்துவிட்டால் மறுபடி ஒரு வருஷம் போன்தான். போனில் பார்க்கிற மனிதரை எத்தனை நாள் அப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பாள்?

ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மைக்கு இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்தாள். பிறகு அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஏன்டி அத வெளிய வச்ச?”

“முத்தம் குடுத்தாச்சில்ல? போயிடுச்சு.”

மடித்த துணி என் மடியிலேயே இருந்தது. அவள் அப்பா வருவது எப்போதும் விடியற்காலை விமானம், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். போவதுதான் பட்டப்பகலில். வாசலில் கார் நிற்கும், வீடே வரிசையாக நின்று கன்னம் மாற்றிக் கன்னம் முத்தம் கொடுக்கும், கார் கிளம்பிவிடும். வந்தாலும் முத்தம், போனாலும் முத்தம் என்கிற வழக்கத்தில் அவள் பார்த்தது பாதிதான். விழுப்புரத்துக்காரியான எனக்கே கல்யாணத்தன்று இந்த முத்தம் விளங்காமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவளுக்கு மட்டும் யார் விளக்கினார்கள்? நாத்தனார் என்னை அனுப்பிவைக்க வந்தார் என்று நினைத்திருக்கிறாள்.

“முத்தம் குடுத்தா யாரும் போயிட மாட்டாங்கடி, இங்க பாரு” என்று அவளுடைய இரண்டு கன்னத்திலும் கொடுத்தேன். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் எங்க போவணும்மா?”

அழுதுவிட்டேன். போனில் கணவரிடம் சொன்னபோது, “நீயா ஒரு கதை கட்டாத” என்றார். ஆனாலும் வந்தபோது என் பேச்சைக் கேட்டார். அவர் வீட்டில் இருந்த நாளெல்லாம் எங்களில் யாரும் யாருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுக்கவில்லை. மாமியார்கூட வாசலில் கும்பிடு போட்டார். அவள் யாரையும் கடிக்கவில்லை. அப்பாவின் தோளிலேயே கிடந்தாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கிளம்புகிற நாள் வந்தது. அப்பா ஊருக்குப் போகிறார் என்று முந்தின நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவள் சட்டையே செய்யவில்லை. வாசலில் அவர் எல்லோரிடமும் வாயால் சொல்லிக்கொண்டு காரில் ஏறினார். அவள் என் இடுப்பில் உட்கார்ந்து சிரித்தபடி கையாட்டினாள். தெருமுனையில் கார் திரும்பிய பிறகும் சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

“யாருமே முத்தம் குடுக்கலியேம்மா. அப்புறம் ஏன் போனாரு?”

வேலை என்றேன், விமானம் என்றேன், பேப்பர் வந்ததும் நாமும் போவோம் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கடிப்பதில்லை. இந்த வருஷம் நாத்தனார் வந்து என் கன்னத்தில் முத்தம் வைத்தபோது என் பக்கத்தில் பேசாமல் நின்றாள். அவளுடைய முறை வந்ததும் ஒரு கன்னத்தைக் காட்டினாள், அப்புறம் மறு கன்னத்தையும் காட்டினாள். “பரவால்லியே, நல்லா வளத்துட்ட!” என்று அவர் என்னை மெச்சினார். நான் தலையாட்டினேன். அவள் பாய்ந்து ஒரு கடி கடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.