தவறி விழவில்லை மாரிசெல்

செலியமேட்டில் நூறு நாள் வேலைக்காக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில் போன் அடித்தது. பிலிப்பைன்ஸிலிருந்து லோர்னா, மாரிசெலின் தங்கை. கை கழுவி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பின்னாலேயே ஒரு குரல் செய்தி வந்தது. "சிஸ்டர், மாரிசெல் ஃபினிஷ்." அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தவளுக்காக அழுது தீர்த்த வீடு அது, அதனால் குரலில் அழுகை இல்லை. மண்வெட்டியோடு நின்றவர்கள், "இன்னா மல்லிகா, இன்னா ஆச்சி?" என்றார்கள். "எங்கூட வேல செஞ்ச பொண்ணு செத்துட்டா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளைக் கொன்றார்கள். கொன்று முடிக்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

வளைகுடாவில் அந்த வெள்ளைக் கட்டடத்தில் வீட்டு வேலை பார்த்த பாகூர், வில்லியனூர் பெண்களே, இதைப் படித்தால் அவளை உங்களுக்கு ஞாபகம் வரும். லிஃப்டில் குப்பைப் பையோடு ஏறி, ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்கும் குள்ளமான பெண். இரண்டாம் மாடி வீட்டில் நான் சமையல். அவள் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் துணிமணிகளையும் பார்த்தாள். சாமான் போடும் அறையில் நாலு வருடம் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். அவள் மொழியில் அக்காவுக்கு ஆத்தே. என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். என்னிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். நல்ல தமிழ் எனக்கே வராது என்பதால் என் தமிழைத்தான் கற்றாள். வீட்டுக்கார மேடம் கத்திவிட்டுப் போனதும் கதவைப் பார்த்து, "இன்னாவாம் அதுக்கு?" என்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அவள் நாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்து, மாதக்கணக்கில் அதை நிரப்பி ஊருக்குக் கப்பலில் அனுப்புவார்கள். சோப்பு, டின்னில் அடைத்த கறி, துண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு. மாரிசெல் பெட்டியில் பாதி அவள் அண்ணன் பிள்ளைகளுக்குப் போகும். அந்த அண்ணன் உயிரோடு இல்லை என்பதை ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போதுதான் சொன்னாள்.

அவள் ஊரும் கரும்பு ஊர். ஏம்பலத்துக் கரும்புக் கொல்லையில் எடுத்த போட்டோவை என் போனில் பார்த்துவிட்டு, "எங்க வூட்டாண்டயும் இப்டித்தான்" என்றாள். வெட்டு முடிந்து அடுத்த வேலை வரும்வரை கூலிக்காரர் வீடுகளில் பாதி வயிறுதானாம். உழுகிறவர்களுக்கு நிலம் எழுதித் தரவேண்டும் என்று ஆள் சேர்த்த அவள் அண்ணனை, பட்டப்பகலில், சந்தை நடுவில், பைக்கில் வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டுப் போனார்கள். சந்தையே பார்த்தது. போலீஸ் கேட்டபோது ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. "சுட்டவன் கூலிக்கு சுட்டான் ஆத்தே. பாத்துட்டு பாக்கலன்னு சொன்னாங்களே, அவங்கள நான் வுடவே மாட்டேன்" என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே சாம்பாருக்குப் புளி கரைத்தேன்.

வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் அவள் நாட்டுக்காரர்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள்: வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்க வேண்டும். வந்து இறங்கியதும் மாரிசெலிடம் மேடம் வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள், பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் பூட்டினாள். எனக்கு வகுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை அனுப்பிய வில்லியனூர் ஏஜென்ட், "வூட்டு வேலதான்க்கா, ஏசி ரூம்பு" என்றான். மாரிசெல் தன் வகுப்பு நோட்டை வைத்து எனக்குப் பாடம் நடத்துவாள். நான் அழுதால் திட்டுவாள். "அழுவாத. தேதி எழுதி வை" என்பது அவள் அடிக்கடி சொன்ன வார்த்தை. அடி வாங்கிய தேதி, சாப்பாடு மறுத்த தேதி, எல்லாம் அவள் நோட்டில் இருந்தன.

ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதமாகியும் அவளை ஊருக்கு விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால்கனியில் ஸ்டூல்மேல் ஏறித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அங்கே வந்த மேடத்திடம் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். மேடம் அவள் முழங்காலில் செருப்பால் அடித்தாள். "அது என்னுடையது" என்று மாரிசெல் இங்கிலீஷில் சொன்னாள், சத்தம் போடாமல். மேடம் இரண்டு கைகளையும் அவள் வயிற்றில் வைத்துத் தள்ளினாள். சமையலறை ஜன்னலில் கரண்டியோடு நின்று நான் முழுசாகப் பார்த்தேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில் விழுந்தவளுக்கு முதுகெலும்பு முறிந்தது, பேச்சும் போய்விட்டது. அவளுடைய நோட்டு அன்றைக்கே காணாமல் போனது.

சாயங்காலம் என் சாட்சி என்று அரபியில் ஒரு காகிதம் வந்தது. ஸ்டூல் சறுக்கித் தவறி விழுந்தாள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். ஏஜென்ட்டைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். "போட்டுட்டு வந்துருக்கா. இல்லன்னா நீதான் தள்ளுனன்னு எழுதிக்குவாங்க" என்றான். தமிழில் கையெழுத்து போட்டேன். அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த வரியில் 'இது பொய்' என்று எழுதியிருந்தால்கூட யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. இனிஷியல் போட்டு, சுழி பிசகாமல், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல என் பெயரை எழுதினேன். ஐந்தாம் நாள் செலியமேட்டில் இருந்தேன். அந்தக் கையை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அவளை ஊருக்கு அனுப்பிய பிறகு லோர்னா ஒருமுறை வீடியோவில் காட்டினாள். மாரிசெல் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "டயர்ட்" என்றாள் லோர்னா. நானும் ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நம் பக்கத்தில் ஒருவர் செத்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாமல் இருக்கமாட்டோம். மாரிசெலுக்கும் அடித்தேன். பாகூர் அச்சகக்காரர் படத்தைப் பார்த்து, "நேபாளப் பொண்ணாம்மா?" என்றார். "இல்லங்க, பிலிப்பைன்ஸ். என் தங்கச்சி" என்றேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று வழக்கமாகப் போடும் இடத்தில் நான் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். 'தவறி விழவில்லை. தள்ளினார்கள். பார்த்தவள்: செலியமேடு மல்லிகா.' அதற்குக் கீழே மேடத்தின் பெயர், கட்டடம், வீட்டு எண். மைதா பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினேன். ஏஜென்ட் ஆபீசின் எதிர்ச்சுவரில் நாலு, அவன் ஷட்டரில் ஒன்று. மத்தியான வெயிலில், போகிற வருகிற ஜனம் பார்க்க, நானே ஒட்டினேன். அவன் கிழித்தான். மறுநாள் போய் மறுபடி ஒட்டினேன். நாலு முறை கிழித்தான், ஐந்து முறை ஒட்டினேன்.

ஆறாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, செத்தது எந்த நாட்டுக்காரியோ. உனுக்கு இன்னா வந்துச்சி? கரியமாணிக்கத்துப் பொண்ணு ஒன்னு போஸ்டர பாத்துட்டு பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கினு போய்ட்சி."

"அந்த பொண்ண எந்த வூட்டுக்கு அனுப்ப இருந்த?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அதே வூடா?"

"அந்த மேடம் இப்ப ரொம்ப மாறிட்டாங்கக்கா. சத்தியமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் ஒரு கட்டு போஸ்டர் உள்ள இருக்குதுடா. அடுத்ததுல உன் மூஞ்சியும் போடறேன், உன் மாமியார் வூட்டுத் தெருவுல ஒட்டறேன்" என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் கெஞ்சுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்குத் தெரியாது. அவன் தொழில் படுக்க வேண்டும். அந்த மேடம் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

லோர்னாவும் அவள் ஊர்ப் பெண்களும் வழக்கு போட ஏற்பாடு செய்கிறார்கள். புதுச்சேரியில் நோட்டரி முன்னால் நடந்ததை எல்லாம் எழுதிக்கொடுத்தேன். "முன்னாடி பொய் சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்கம்மா. உங்க மேலயும் கேஸ் வரலாம்" என்றார் வக்கீல். வரட்டும் என்று சொல்லிக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள், அவள் உன்னை மன்னித்திருப்பாள் என்கிறார்கள். அவளைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். சந்தையில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவர்களோடுதான் என்னையும் சேர்த்து வைத்தாள், அதுதான் நியாயம். போஸ்டரில் சிரிக்கும் முகம் ஊருக்கு. சுவர்ப்பக்கம் திரும்பிய முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதை யாரும் ஆறுதல் சொல்லி என்னிடமிருந்து வாங்கிப் போக வேண்டாம். மேடத்தைக் கூண்டில் ஏற்றட்டும், பக்கத்தில் என்னையும் ஏற்றட்டும். அங்கே நின்று, அந்த மேடத்தின் முகத்துக்கு நேரே, பார்த்தேன் என்று சொல்வேன்.