சைகஸ் தொட்டியில் ஒரு மறியல்

செடியின் வேருக்குத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிய ஒரே மடையன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் இஞ்சித் துவையலைத் தனியாக ஓரத்தில் வைத்து.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில், சிமெண்டுத் தொட்டியில், குட்டி ஈச்சமரம் மாதிரி ஓலை விரித்து ஒரு சைகஸ் செடி நின்றது. ஒருநாள் அதன் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு, முண்டும் முடிச்சுமாகச் சில வேர்கள் மேல்நோக்கி முளைத்திருந்தன. கல்லூரியில் தாவரவியல் நடத்திய அக்கா ஒரு துண்டை பிளேடால் நறுக்கி, உள்ளே ஓடிய பச்சை வளையத்தைக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டமாம். செடி அவற்றுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்குமாம். அவை காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருமாம். டைனோசருக்கும் முந்திய ஏற்பாடாம்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான்: வீட்டோடு மாப்பிள்ளை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர். கங்கைகொண்டானில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் எங்களோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை என்றால் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்க வேண்டாமா? வேருக்குள் இருந்த மாப்பிள்ளைகளுக்கும் இரண்டு கரண்டி ஊற்றினேன்.

மறுநாள் தொட்டியில் எறும்பு, ஈ, நாற்றம். பழி வேரின்மேல் விழுந்தது. கரண்டியை நான் முந்தினநாளே கழுவி வைத்துவிட்டேன்.

கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்த அத்தானிடம் அப்பா அரிவாளை நீட்டினார். "சும்மா இருந்து திங்கிற கூட்டம். வெட்டி எறிங்க."

அத்தான் சிலிண்டரை இறக்கினார். அரிவாளை வாங்கவில்லை.

அக்கா வந்து குறுக்கே நின்றாள். "அது ஒண்ணும் சும்மா இருக்கல. வெளிய தெரியாம வேல பாக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலன்னா அது அதோட குத்தமா?"

இதுதான் சமயம் என்று நான் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "வெட்டணும்னா என்னைய வெட்டுங்க!"

"ஏலே, எறங்குதியா இல்லையா?" அப்பா கத்தினார்.

"எறங்க மாட்டேன்!"

உண்மையில் இறங்க முடியவில்லை. சைகஸ் முள் கால்சட்டையைப் பின்னால் பிடித்திருந்தது. சரித்திரத்தில் எத்தனை மறியல் இப்படி நீடித்ததோ!

"என் வீடு, என் தொட்டி. இங்கன நான் சொல்லுததுதான்" என்றார் அப்பா.

"தொட்டிய நீங்களே வச்சுக்கோங்க. செடி நான் வாங்குனது" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் வாசலில் லோடு ஆட்டோ நின்றது. ஒரு முடிச்சு வேர்கூட உடையாமல் சைகஸை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிறுத்தினார் அத்தான். அப்பா உள்ளே பேப்பரில் ஒரே பக்கத்தை வெகுநேரமாக வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெயித்த கட்சியில் இருந்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த அத்தானிடம் கேட்டேன்: "அப்பா வேரத்தான வெட்டச் சொன்னாவ? அதுக்கு நீங்க ரெண்டு பேரும் எதுக்கு வீட்ட விட்டுப் போறிய?"

"கயித்த இறுக்கிப் பிடிலே."