குல்சும் கேட்ட மஹர்

மீர்சாகிப்பேட்டையில் வலியுல்லாவின் வீட்டைக் கதவு எண் சொல்லி யாரும் தேடியதில்லை. வாசலில் கிளிக்கூண்டும் எலிப்பொறியும் தொங்கினால் அது அவர் வீடு. இரும்புக் கம்பியை வளைத்துக் கூண்டு பின்னுவது அவர் தொழில். பக்கத்து மயிலாப்பூரில் அந்தக் காலத்தில் கிளி வளர்க்காத பெரிய வீடு குறைவு. எலி வளராத வீடு அதைவிடக் குறைவு. அதனால் அவர் வீட்டு அடுப்பு அணையாமல் எரிந்தது.

ஒரே மகள் குல்சும். மற்றப் பெண்கள் சொப்பு வைத்து விளையாடிய வயதில் இவள் அத்தா வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் அம்மா சகினாவின் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மாலை அறுந்து அகீக் மணிகள் வீடெல்லாம் உருண்டன. ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்தன. சகினா பாயை உதறிப் பார்த்தாள், பானைகளை நகர்த்திப் பார்த்தாள். அந்த ஒன்று மறுநாள் குல்சுமின் விரலில் இருந்தது. மெல்லிய கம்பியை நாலு பக்கமும் சுற்றி, கல்லை நடுவில் பிடித்து, மோதிரமாக்கியிருந்தாள். அடிக்க ஓங்கிய கையாலேயே சகினா அதைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு தன் விரலில் போட்டுக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டாள். அடி பாக்கி நின்றது நின்றதுதான்.

அப்படிப் பிடித்த பைத்தியம் வளர்ந்து வியாபாரம் ஆயிற்று. இரும்புக்குப் பதிலாக வெள்ளியும் செம்பும் வந்தன. அகீக், பெரோசா, படிகம், யாரோ ஒரு மாமியின் பழைய தோட்டிலிருந்து உதிர்ந்த கெம்பு என்று எந்தக் கல் வந்தாலும் அதன் போக்குக்குக் கம்பி வளைந்தது. பத்தர்கள் கல் பதிக்க அரக்கு வேண்டும், பொடி வேண்டும், ஊதுகுழல் வேண்டும். இவளுக்கு ஒரு குறடும் பத்து விரலும் போதும். கல்லின் முதுகை மூடவும் மாட்டாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கல் கல்லாகவே தெரியும்.

குல்சும் வாசல் தாண்டுகிற வழக்கம் இல்லை. அவள் செய்ததை வெளியே கொண்டுபோனது தாயம்மா. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியற்காலையில் பூக்கூடையோடு கிளம்பி, மாட வீதிகளில் வீடு வீடாகப் பூ கொடுப்பவள். மல்லிகைக்கு அடியில் வாழை இலை, இலைக்கு அடியில் குல்சுமின் மோதிரங்கள். பூ வாங்க வந்த மாமிகள் இலையைத் தூக்கிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

இது குளத்தங்கரையில் கடை வைத்திருந்த தங்கவேல் பத்தருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தாயம்மா வந்து கூடையைத் தொப்பென்று வைத்தாள்.

"அந்த பத்தரு இன்னா சொல்றான் தெரியுமா? கூண்டுக்காரன் பொண்ணு கூண்டு நகை பண்ணுது, உள்ள கிளி கீதா பாருன்றான். கடைல கீறவனுங்கல்லாம் சிரிக்கிறானுங்க. எனுக்கு வந்துச்சே கோவம்!"

குல்சும் குறட்டைக் கீழே வைக்காமலே சிரித்தாள். "நல்லா தான கீதுக்கா பேரு? அப்டியே சொல்லி வித்துடு. கூண்டு மோதிரம்னு."

அடுத்த ஆடிக்குள் மாட வீதிகளில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பத்தர் வைத்த பெயர் பத்தரின் வயிற்றிலேயே அடித்தது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

சம்பாதித்ததில் அவள் தனக்கென்று ஆசையாக வாங்கியது ஒரே ஒரு பொருள், கம்பியச்சு. ஒரு சாண் நீள எஃகுத் தகடு. அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். தடித்த வெள்ளிக் கம்பியை ஒவ்வொரு துளையாக நுழைத்து இழுத்தால் கடைசித் துளையில் தலைமுடி போல வரும். அது வருவதற்கு முன் கடையில் கிடைக்கிற கம்பிக்குத் தகுந்த மாதிரிதான் அவளால் நகை செய்ய முடிந்தது. வந்த பிறகு கம்பி அவள் சொன்னபடி கேட்டது. அதுவும் தங்கவேல் பத்தர் ஓரமாகப் போட்டிருந்த பழைய அச்சுதான். ஒரு துளையின் விளிம்பு சிதைந்திருந்ததால், யாருக்கென்று கேட்காமலே தாயம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

1931-இல் குல்சுமுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தா பீர் முஹம்மது, புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, கீல், தாழ்ப்பாள், கட்டுக் கட்டாகக் கம்பி. மகன் ஹனீஃபா கடையில் நிற்பவன், அத்தா பேசும்போது வாய் திறக்காதவன் என்று பெயர்.

மாப்பிள்ளைக்கு வெள்ளி மோதிரம் போடுவது பெண் வீட்டு முறை. விரல் அளவுக்கு நூல் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். கடைப் பலகை விழுந்து நசுங்கிய விரலாம். முட்டி புடைத்து அடி மெலிந்துவிட்டதாம். முட்டியில் நுழைகிற மோதிரம் அடியில் நிற்காது, அடிக்குப் பொருந்துவது முட்டியில் ஏறாது. சும்மா பேருக்கு ஒன்று செய்தால் போதும் என்றார்கள்.

"பேருக்குச் செய்யறதில்ல. இன்னொரு நூல் வேணும்னு சொல்லுங்க. முட்டி மேல ஒண்ணு, அடியில ஒண்ணு" என்றாள் குல்சும்.

இரண்டு நூல் வந்தன. எது எதுவென்று தெரிவதற்காக ஒன்றின் நுனியில் மாப்பிள்ளையே சின்னதாக முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தான். அந்த முடிச்சு அவளுக்குப் பிடித்தது. கம்பியின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, முட்டியில் விரிந்து அடியில் இறுகுகிற மாதிரி ஒரு மோதிரம் செய்து அனுப்பினாள். போட்டவன் கழற்றவே இல்லை என்று சேதி வந்தது. குல்சுமுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

நிக்காஹ் நெருங்கிய வாரத்தில் ஒரு காலை, கம்பி இழுக்க உட்கார்ந்தவள் கை வைத்த இடத்தில் அச்சு இல்லை.

"அத்தா, என் அச்சு எங்க?"

வலியுல்லா கையிலிருந்த எலிப்பொறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வித்துட்டேன்."

"யாரோடத யாரு விக்கிறது?"

"சம்பந்திக்கு வாக்கு குடுத்துட்டேன்மா. மருமவ மோதிரம் பண்ணி வித்தா நாலு பேரு இன்னா பேசுவாங்கன்னு அவரு கேக்கறாரு. கல்யாணம் ஆவப் போவுது, இனிமே அது இன்னாத்துக்கு உனுக்கு?"

"வாக்கு நீங்க குடுத்தீங்க. அச்சு என்னுது."

"மெதுவா பேசுடி, தெருவுல கேக்கும்" என்று சகினா பதறினாள்.

"கேக்கட்டும்."

பேச்சு எப்போதோ பீர் முஹம்மதுவின் கடையில் வைத்தே முடிந்துவிட்டிருந்தது. கட்டுக் கட்டாகக் கம்பி விற்கிறவருக்கு, அதை ஒரு பெண் வளைத்தால் கௌரவக் குறைச்சல். பெற்றவர்களுக்கோ நல்ல இடம் கைநழுவிவிடுமே என்ற பயம். குல்சுமிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாயம்மா வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அச்சு திரும்பவும் தங்கவேல் பத்தரிடமே போயிருந்தது. கடை முகப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தார்.

"நான் போய்க் கேட்டேம்மா. கூண்டுக்காரிக்குன்னா எத்தினி குடுத்தாலும் தர மாட்டேன்றான். கட்டைல போறவன்!"

அதற்குப் பிறகு குல்சும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மருதாணிக்குக் கையை நீட்டினாள், தைத்து வந்த துணியைப் போட்டுப் பார்த்தாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பெண் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள். அவளோ பேச வேண்டிய இடத்தை ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டாள்.

நிக்காஹ் அன்று காலையிலேயே தெருவை அடைத்துப் பந்தல். பந்தலில் மாப்பிள்ளையும் காஜியாரும் ஊர்ப் பெரியவர்களும். வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் குல்சும். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரைச் சொல்லி, பெண்ணின் சார்பில் சம்மதம் கேட்டுப் போக வக்கீல் என்று ஒருவர் வருவார், கூடவே இரண்டு சாட்சிகள். வக்கீலாக வந்தவர் சகினாவின் அண்ணன் அப்துல் கய்யூம். திரைக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"குல்சும், பீர் முஹம்மது மகன் ஹனீஃபாவுக்கு, பேசின மஹருக்கு, உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமாம்மா?"

மணப்பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருப்பாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். மாமாவும் அந்த மௌனத்துக்குத் தேவையான நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"இல்ல, மாமா."

திரும்பியவர் அப்படியே நின்றார்.

"மஹர் எனுக்குச் சேர வேண்டியது தான மாமா? அப்போ நான் கேக்கறேன். பேசினதோட என் கம்பியச்சும் வேணும். வேற அச்சு இல்ல. குளத்தாண்ட பத்தர் கடையில தொங்குதே, அது. என் கைக்கு வரணும். நான் அதுல வேலை செய்யறத ஒருத்தரும் தடுக்கக் கூடாது. ஒத்துக்கினா சம்மதம்."

சகினா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சுற்றியிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினார்கள். குல்சும் மருதாணிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

சேதி பந்தலுக்குப் போனது. முதலில் சலசலப்பு. பிறகு பீர் முஹம்மதுவின் குரல் திரையைத் தாண்டி வந்தது.

"இன்னா வலியுல்லா, பொண்ண வளத்த லட்சணமா இது? ஹனீஃபா, எய்ந்துரு!"

காஜியார் வயசானவர், நிதானமாகத்தான் பேசினார். "மஹர் கேக்கறது பொண்ணோட உரிமை. முடியும், முடியாதுன்னு மாப்பிள்ளை தான் சொல்லணும். நீங்க சொல்றதில்ல."

குல்சுமுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டால் பந்தலோடு வீட்டு மானமும் போகும். பந்தலில் நின்றுபோன நிக்காஹின் பெண் என்று ஆயுசுக்கும் பேர் சொல்லும் இந்தப் பேட்டை. அத்தா தலை குனிந்து நிற்பதும் கண்முன் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. வெளியே சத்தம் அடங்கியது. முன்பின் கேட்டிராத ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, கேட்டது:

"அந்தப் பத்தர் கடை எங்க கீது?"

யாருடைய சைக்கிளோ கிளம்பியது. நெய்ச்சோறு அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் வெற்றிலைத் தட்டையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 

முதலில் வந்து சேர்ந்தவள், குளத்தங்கரையில் பூ விற்றுக்கொண்டிருந்த தாயம்மாதான். ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சு வாங்க, திரைக்குள் நுழைந்தாள்.

"ஐயோ, அத ஏன் கேக்குற! மாப்ள மாலையும் கழுத்துமா சைக்கிள்ல வந்து எறங்கினாரு. பத்தரு தர மாட்டேன்னுட்டான். அவரு ஒண்ணும் பேசல. கடை வாசப்படில குந்திக்கினாரு. ஊரே துணிக்கடை, கள்ளுக்கடைன்னு மறியல் பண்ணிக்கினு கீற காலம், மாலையோட ஒரு ஆளு குந்தினா சும்மா இருப்பாங்களா? கூட்டம் கூடிப்போச்சு. இன்னா விசயம்னு கேக்கறவங்களுக்கெல்லாம், என் பொஞ்சாதி சாமான் உள்ள கீது, அத வாங்கத்தான் குந்திக்கினு கீறேன்னாரு. பூவெல்லாம் உதுந்துபோச்சு, ஆளு நவுரல. கடைசில பத்தருக்கே மானம் போய், வாங்கின வெலைக்கே கயட்டிக் குடுத்துட்டான்! கூட்டம் அவர இன்னும் வுடல, நான் முந்திக்கினு ஓடியாந்தேன்!"

'என் பொஞ்சாதி' என்று சொன்னாராம். இன்னும் சம்மதமே சொல்லவில்லையே என்று குல்சும் நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முக்காட்டுக்குள் இரண்டையும் விட்டுவிட்டாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சற்று நேரத்தில் மாமாவின் கை திரையை விலக்கி அச்சை நீட்டியது. குல்சும் வாங்கி மடியில் வைத்து, பெரிய துளையிலிருந்து விரலை ஓட்டினாள். விளிம்பு சிதைந்த துளை விரலில் உரசியது. அவளுடையதுதான்.

"இப்ப இன்னாம்மா சொல்ற?" என்றார் மாமா. களைத்துப்போயிருந்தார்.

"சம்மதம்!"

மாமாவுக்கு மட்டும் கேட்டால் போதும். பந்தலில் கடைசி வரிசைக்கும் கேட்டது. காஜியார் தலையை ஆட்டிக்கொண்டு, பேசிய மஹரோடு கம்பியச்சையும் அவள் சொன்ன நிபந்தனையையும் சேர்த்து எழுதினார்.

விடை பெறும்போது வலியுல்லா மகளின் தலையில் கை வைத்தார்.  "அத்தாவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா, இத்தினி பேரு முன்னால..."

"நீங்க என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா, அத்தா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இடுப்பில் செருகியிருந்த குறட்டை உருவி அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஜட்கா வண்டி தியாகராய நகரை நோக்கிப் போனபோது துணி மூட்டையையும் நகைப் பெட்டியையும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டார்கள். அச்சை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் வண்டியில் போனார். போகட்டும்.

புது வீட்டில், அறையில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பெண்கள் போன பிறகு, ஹனீஃபா விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றான். குல்சும் முக்காட்டை ஒதுக்கிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் பக்கத்துச் சுவரில் பலமான மரச்சட்டம் ஒன்று இருந்தது. வெளிச்சமும் அங்கே நன்றாக விழுந்தது. அச்சை அதன்மேல் வைத்து உயரம் பார்த்தபடியே, கட்டின புருஷனிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"ஆணி கீதா?"

இரும்புக் கடைக்காரர் வீட்டில் ஆணிக்கா பஞ்சம்!