ஒருவரும் காணாத உது

எழுவைதீவில் குருசுமுத்துவைத் தெரியாதவர் இல்லை. அவருடைய வலது கையைத் தெரியாதவரும் இல்லை. கையில் ஊனம் ஒன்றும் கிடையாது. ஆயுள் முழுக்க வலை இழுத்து உரம் ஏறிய கை. ஆனாலும் அந்தக் கைக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மனைவி செபஸ்தியம்மா.

நடந்தது இவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்னர் சோளகக் காற்று கடலைக் கலக்கும் ஒரு காலத்தில் செபஸ்தியம்மாவுக்கு வயிற்றோட்டம் கண்டு ஆள் துவண்டு போனார். தீவு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, அக்கரையில் ஊர்காவற்றுறைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். படகில் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடிப்பது கூடப் போகிறவரின் பொறுப்பு. போத்தல் நோயாளியின் கையைவிட உயரத்தில் நிற்கவேண்டும். இறங்கினால் இரத்தம் குழாய்க்குள் திரும்பி ஏறும். குருசுமுத்து ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போத்தலைத் தூக்கிப் பிடித்தார். நடுக்கடலில் கை விறைத்தது. மாற்றிப் பிடிக்கலாம் என்றால் படகு குதிக்கிற குதியில் ஆளே கடலுக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரம் போத்தலை மடியில் வைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் பார்த்துத்தான் செபஸ்தியம்மா ஒரு கண்ணைத் திறந்தார். குழாய் சிவந்து கிடந்தது.

செபஸ்தியம்மா பிழைத்துக்கொண்டார். குருசுமுத்துதான் பிழைக்கவில்லை.

கலியாண வீடா, முதல் நன்மை விருந்தா, செத்த வீடா, எங்கே நாலு பேர் கூடினாலும் சாப்பாடு முடிகிற நேரத்துக்குச் செபஸ்தியம்மா தொடங்கிவிடுவார். "இந்த மனிசனுக்கு ஒரு போத்தல் பிடிக்க ஏலாது. மற்றப் போத்தலெண்டால் விடிய விடியப் பிடிப்பார்." சனம் சிரிக்கும். குருசுமுத்துவும் கூடவே சிரித்து வைப்பார். ஆனால் அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு கேட்க மாட்டார். பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழும்பி எழும்பியே ஆள் மெலிந்துபோனார் என்று சொல்வோரும் உண்டு. வெட்கம் அந்த மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றாமல் சாகக்கூடாது என்று அவர் தீர்மானித்ததில் தவறு சொல்ல முடியாது. மாற்றுவதற்குப் பிடித்த வழியைப் பற்றித்தான் பேச இருக்கிறது.

அவர் ஒரு மருத்துவக் கருவியைக் கண்டுபிடித்தார்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் ஒன்று. அதன் உச்சியில் பழைய தொலைக்காட்சி அன்ரனாக் குழாயில் ஒரு முழத் துண்டு. குழாயின் நுனியில் எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு வளையம், வளையத்தில் ஒரு கொக்கி, கொக்கியோடு தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகள். படகு எப்படிச் சரிந்தாலும் ஈயம் நேரே கீழ்நோக்கி இழுக்கும், போத்தல் நேரே தொங்கும். கூடப் போகிறவர் ஹெல்மெற்றைப் போட்டு வாரைப் பூட்டினால் போதும், இரண்டு கையும் சும்மாதான். ஒன்றால் படகைப் பிடிக்கலாம், மற்றதால் நோயாளியைப் பிடிக்கலாம், குமட்டினால் வசதியாகச் சத்தியும் எடுக்கலாம்.

இதைச் செய்து முடித்த சந்தோசத்தில் கனடாவில் இருக்கும் மருமகன் டிலோனுக்குக் கோல் எடுத்தார். டிலோன் அங்கே மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கொம்பனியில் பெட்டி ஏற்றுகிறவன். பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயங்கள் நிறைய. ஆக்கவுரிமை, அதாவது பேற்றன்ற், எடுத்தால் உலகத்தில் வேறு ஒருவரும் இதைச் செய்யமுடியாது, கண்டுபிடித்தவர் குருசுமுத்து என்று அரசாங்கமே எழுதித் தரும் என்றான். அரசாங்கம் எழுதித் தந்தால் செபஸ்தியம்மா என்ன செய்வார்? குருசுமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் டிலோன் ஒரு நிபந்தனையும் சொன்னான்.

"மாமா, பேற்றன்ற்றுக்குப் போடுமட்டும் ஒருத்தரும் உதைக் காணக்கூடாது. கண்டால் புதுசில்லை. புதுசில்லையெண்டால் தரமாட்டாங்கள்."

சட்டத்தில் இதற்கு ஏதோ விட்டுக்கொடுப்பு இருக்கிறது. டிலோனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

ஒருத்தரும் காணக்கூடாது. எழுவைதீவில். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் அது என்ன மீன் என்று மற்றக் கரையில் சொல்லக்கூடிய இடம் அது. போதாததற்குக் குருசுமுத்து ஏற்கனவே வீடு வீடாகப் போய்ச் சாமான் சேர்த்திருந்தார். ஹெல்மெற் ஆஸ்பத்திரித் தாதி றஞ்சனி கொடுத்தது, வண்ணத்துப்பூச்சிப் படம் ஒட்டிய றோஸ் நிறம். ஈயக் குண்டு படகுக்கார றெக்ஷன் கொடுத்தது. ஒவ்வொருவரிடமும் "ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று குருசுமுத்து தனித்தனியே சொல்லியிருந்தார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என்றாலும் தீவுச் சனத்தைக் குறைசொல்லக்கூடாது. தங்கள் ஊர் மனிதனுக்கு அரசாங்கம் பட்டம் கொடுக்கப்போகிறது, தாங்கள் கண்டால் அது கெட்டுப்போகும் என்றதும், காணாமல் இருப்பது என்று ஊரே முடிவெடுத்தது. குருசுமுத்துவின் வேலியைக் கடக்கும்போது ஆண்கள் இருமினார்கள், பெண்கள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்கள். பழக்கதோசத்தில் எட்டிப் பார்த்துவிட்டவர்கள் மனம் பொறுக்காமல் அவரிடமே வந்து ஒத்துக்கொண்டார்கள். அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், தாங்கள் ஒன்றும் காணவில்லை என்று சத்தியம் பண்ணவைத்தார். பொய்ச் சத்தியம்தான். நல்ல காரியத்துக்கென்றபடியால் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெயர் சொல்லவும் பயமாக இருந்ததால் அதற்கு "உது" என்றே பெயர் விழுந்தது. இது என்றால் கிட்ட நின்று கண்டதாகும். அது என்றால் தூரத்திலிருந்து கண்டதாகும். உது என்றால் உம்மிடம் இருக்கிறது, நான் காணவில்லை.

"அண்ணை, உது எப்பிடிப் போகுது?"

"எது?"

"ஒண்டுமில்லை."

இப்படி மிகுந்த பொறுப்போடு கதைத்துக்கொண்டார்கள். றெக்ஷன் மட்டும் ஒருநாள், உதற்குப் பதிலாய்ப் படகிலே ஒரு தடியை நட்டால் என்ன என்று கேட்டுவிட்டான். படகு ஆடினால் தடியும் ஆடும், மனிதன் என்றால் ஆடாமல் இருப்பான் என்றார் குருசுமுத்து. மனிதனும் படகுக்குள்ளேதானே இருக்கிறான் என்றான் றெக்ஷன். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடலில் சோதித்துப் பார்க்க வழியில்லாததால் குருசுமுத்து வீட்டுக்குள்ளேயே கடலைச் செய்தார். ஒரு தகரப் பீப்பாவைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, அதில் ஹெல்மெற்றோடு உட்கார்ந்துகொண்டு, செபஸ்தியம்மாவை ஆட்டச் சொன்னார். செபஸ்தியம்மா மனம்வைத்து ஆட்டினார். சோளகம்கூட அப்படி ஆட்டியதில்லை. விழுந்து எழும்பிய ஒவ்வொரு தரமும் குருசுமுத்து போத்தலைத்தான் முதலில் பார்த்தார். அது கொக்கியில் நேராகத் தொங்கியது. செபஸ்தியம்மாவும் பார்த்தார். ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம். "கையாலை ஏலாமல் தலையாலை பிடிக்கிறியள்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

அந்தச் சொல் குருசுமுத்துவைச் சுட்டது. கழுத்துக்குப் பலம் ஏற்றவேண்டும் என்று நினைத்து, ஆவணி வெயிலில் உச்சி நேரத்தில் ஹெல்மெற்றைப் பூட்டிக்கொண்டு, போத்தலும் தொங்க, வளவுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர் குடிக்கக்கூட உதைக் கழற்றவில்லை. சுற்றிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் சத்தி எடுத்து மயங்கி விழுந்தார். வேலிக்கு வெளியே போனவர்கள் சத்தத்தைக் கேட்டும், காணக்கூடாதே என்று இருமிவிட்டுப் போனார்கள். செபஸ்தியம்மாதான் ஓடிவந்து தூக்கினார்.

வெயிலில் உடம்பு வற்றிப்போயிற்று, இதயத்துடிப்பும் சரியில்லை என்றார் றஞ்சனி. சேலைன் ஏற்றி, உடனே ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். றெக்ஷன் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படகை எடுத்தான். கடல் நுரைத்துக்கொண்டு கிடந்தது. செபஸ்தியம்மா போத்தலை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கரையில் நிற்கும்போதே தோள் கடுத்தது. கிடக்கிற மனிதனின் முகம் சாம்பலாய் இருந்தது. அவருக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதன் போனால் தான் யாரைப் பற்றிக் கதைப்பது என்ற பயமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். வீட்டுக்கு ஆள் அனுப்பி உதை எடுப்பித்தார்.

குருசுமுத்துவுக்கு அரை நினைவு இருந்தது. "வேண்டாமப்பா. சனம் காணும்" என்றார்.

"செத்துப்போனால் பேற்றன்ற்றைப் பெட்டிக்குள்ளையோ வைக்கிறது? பேசாமல் கிடவுங்கோ."

செபஸ்தியம்மா ஹெல்மெற்றை எடுத்துத் தன் தலையில் பூட்டியதும், இறங்குதுறையில் நின்ற சனம் முழுவதும் திரும்பி ஊரைப் பார்த்து நின்றது. ஆனால் றெக்ஷன் பின்னால் இருந்து இயந்திரம் பிடிக்கிறவன், அவன் முன்னால் பார்த்தே ஆகவேண்டும். அக்கரையிலோ ஊரே நிற்கும், எல்லார் கையிலும் போன் இருக்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் றஞ்சனி ஆஸ்பத்திரியின் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து செபஸ்தியம்மாவின் தலைக்கு மேலால், குழாய், கொக்கி, போத்தல் எல்லாம் மூடும்படி போர்த்தினார். விரிப்புக்குக் கீழே நீலச் சேலை. வெளியே தெரிந்தது இரண்டு கைகள் மட்டும்; ஒன்று படகைப் பிடித்திருந்தது, மற்றது புருசனின் தோளை.

குருசுமுத்துவின் கருவி வேலை செய்தது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். படகு குதித்தது, சரிந்தது, தண்ணீர் அடித்தது. விரிப்புக்குள் போத்தல் சொட்டுச் சொட்டாய் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாதபடியால் செபஸ்தியம்மா நிமிர்ந்து, நேரே பார்த்து, அசையாமல் இருந்தார்.

மடு மாதா திருநாளை ஒட்டி, மாதாவின் சிலையான சுரூபத்தை ஊர்வலமாக எடுத்துவரும் நாட்கள் அவை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்ற சனம் என்னத்தைக் கண்டது? தீவுப் பக்கமிருந்து ஒரு படகு வருகிறது. நடுவில் வெள்ளை முக்காடும் நீல உடையுமாய் உயரமான ஒரு உருவம், அசையாமல். காலடியில் நோயாளி ஒருவர்.

"மாதா சுரூபம் வருகுது" என்றார் யாரோ.

பிறகு என்ன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் முக்காடு போட்டார்கள். சனம் முழங்காலில் நின்று, தலையைக் குனிந்து, கண்ணை மூடியது. போன் எடுத்த ஒருவனுக்குத் தாய் பிடரியில் ஒன்று வைத்தார். சைவ ஆட்களும் ஏதோ தெய்வம்தானே என்று கைகூப்பினார்கள். ஒருவர் செபமாலையைத் தொடங்கினார். படகு கட்டியதும் சுரூபம் எழும்பி, கரையில் இறங்கி, நோயாளியைத் தூக்கிச் சென்றவர்களுக்குப் பக்கத்திலேயே பாட்டாச் செருப்புச் சத்தத்தோடு நடந்தது. நிமிர்ந்து பார்த்த ஒன்றிரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். றெக்ஷன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். கோயிலில் தானும் செய்த சத்தியம் நினைவுக்கு வர மூடிக்கொண்டான். இப்படியாகக் குருசுமுத்து செபமாலை ஊர்வலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவசரப் பிரிவு வாசலில் ஒரு தாதி ஓடிவந்து குழாயைப் பார்த்தார். இந்தக் காற்றில், திறந்த படகில், குழாயில் ஒரு துளி இரத்தம் திரும்பவில்லை. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆர் இவ்வளவு நேரமும் போத்தலைப் பிடித்தது என்று கேட்டார்.

செபஸ்தியம்மா விரிப்புக்குள் யோசித்தார். நான் என்று சொன்னால், இரண்டு கையும் வெளியே இருக்க எப்படி என்று கேட்பார்கள். றெக்ஷன் என்றால் இயந்திரம் பிடித்தது ஆர்? சனம் வாசல் முழுக்க நிற்கிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். ஹெல்மெற்றுக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள்ளே பேசுவதுபோல் பெரிதாய் வந்தது.

"குருசுமுத்துதான் பிடிச்சவர். கடைசிமட்டும் இறக்கேல்லை."

வாசலில் செபம் நின்றுபோயிற்று. மாதா பேசிவிட்டார். அதுவும் பெயரைச் சொல்லிப் பேசிவிட்டார். கட்டிலில் கிடந்த குருசுமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சேலைன் நன்றாக ஏறியிருக்கிறது என்றார் தாதி.

குருசுமுத்து எழும்பி நடமாடியபின் விண்ணப்பம் கொழும்புக்குப் போனது. அதைத் தயாரித்த சட்டத்தரணி, ஒரு வருடத்துக்குள் தாங்களே காட்டியிருந்தால் பெரிய பிழை இல்லை என்று தொலைபேசியில் சொன்னார். குருசுமுத்து அதை ஊருக்குச் சொல்லவில்லை. கருவியின் பெயர் என்னவென்று கேட்டதற்கு, வேறு ஒன்றும் வாயில் வராமல் "உது" என்றார். எது என்று கேட்டார் சட்டத்தரணி. அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

ஆனால் தை மாதம் ஊர்காவற்றுறையில் ஒரு கலியாணம் வந்தது. சாப்பாடு முடிகிற நேரம் செபஸ்தியம்மா வழக்கம்போலத் தொடங்கினார், இந்த மனிசனுக்கு ஒரு போத்தல் பிடிக்க ஏலாது என்று. சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்த கிழவி சாப்பாட்டுக் கையை இலையில் வைத்துவிட்டு அவரை முறைத்துப் பார்த்தார்.

"நீர் என்ன கதைக்கிறீர்? அவர் பிடிச்சவரெண்டு மாதாவே சொன்னவ. நான் என்ரை காதாலை கேட்டனான்."

செபஸ்தியம்மா தன் இலையை மடித்தார். அது மாதா இல்லை என்று சொல்லவேண்டும் என்றால், அந்த விரிப்புக்குள் இருந்தது யார், தலையில் இருந்தது என்ன என்று இந்தச் சபையில் சொல்லியாகவேண்டும். அவர் புருசனைப் பார்த்தார். குருசுமுத்து தலை நிமிராமல், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.