ஏப்ரல் ஒன்றில் இந்த வீட்டில் எத்தனை பேர்?

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. 2020 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை, இது எனக்கு நடந்தது. அதுவரை பேய் என்றாலே சிரிக்கிற ஆள்தான் நானும்.

என் பெயர் ருக்ஸானா. டெக்சாஸில் ஆலன் என்ற ஊர். சிட்டிசன்ஷிப் வந்த கையோடு, பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். ஃபார்ம் அனுப்பாத வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி அங்கே யார் யார் வசித்தார்கள் என்று கேட்டு, ஆபீஸ் கொடுத்த போனில் பதிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அன்று ஒரு சின்ன ஊரைக் கொடுத்தார்கள். ஆலனிலிருந்து இரண்டு மணி நேரம் டிரைவ். பெயரைச் சொல்ல மாட்டேன். ரயில் ஓடிய காலத்தில் அங்கே பருத்தி ஆலை, பள்ளிக்கூடம், ஆயிரத்துச் சொச்சம் ஜனம் இருந்ததாம். ரயில் நின்றதும் ஊரும் காலியாகிவிட்டது. ஊர் எல்லை போர்டில் இப்போது மக்கள்தொகை 61 என்று இருந்தது.

என் கணவர் ஹாமித்துக்கு அன்று முழுக்க மீட்டிங். ஆறு வயது மகள் ஹஃப்சாவையும் கூட்டிப் போனேன். இந்த வேலைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது. தெரிந்தேதான் செய்தேன். என்னை நீங்கள் திட்டலாம்.

மாலை 7.38. கடைசி வீடு. ஊருக்கு வெளியே மண் பாதை முடியும் இடம். ஏசியை ஓடவிட்டு, ஐபேடைக் கையில் கொடுத்து, காரை விட்டு இறங்கவே கூடாது என்று ஹஃப்சாவிடம் சொன்னேன். தலையைத் தூக்காமலே "ஓகே உம்மா" என்றாள்.

வராந்தாவில் வரிசையாகச் சின்ன ஷூக்கள். ஆறு ஜோடி. அட, இவர்களும் வாசலில் கழற்றி வைக்கிறார்களே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆறும் ஒரே அளவு. அது அப்போது உறைக்கவில்லை.

கதவைத் தட்டினேன். கொரோனா காலம் என்பதால் ஆறடி தள்ளி நின்றேன். வலைக்கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை. நூறு டிகிரி வெயில் அடித்த நாளில் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உள்ளே ஒரு விளக்குகூட இல்லை.

ஏப்ரல் ஒன்றில் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். எட்டு என்றாள். தானும் ஏழு பெண் குழந்தைகளும்.

முதல் பெண் கேரி. வயது ஆறு. பிறந்தது 1954.

போன் சிவப்பாகக் காட்டியது. வயதும் வருடமும் பொருந்தவில்லை. பாவம், தடுமாறுகிறாள் என்று நினைத்து அடுத்த பெயரைக் கேட்டேன்.

லிண்டா. ஆறு. 1964.

டானா. ஆறு. 1974.

பிறகு 1984... 1994... 2004... பத்துப் பத்து வருட இடைவெளி. எல்லோருக்கும் வயது ஆறு. என் விரல் பழக்கதோஷத்தில் பதிந்துகொண்டே இருந்தது.

மணி 7.51.

ஏழாவது பெயரைக் கேட்டேன்.

"ஹஃப்சா. ஆறு. 2014."

அமெரிக்கர்கள் யாரும் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதே இல்லை. இவள் சுத்தமாகச் சொன்னாள்...

அதையும் பதிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

கார் கதவு திறந்து கிடந்தது.

சீட் காலி.

ஷூ வரிசையின் கடைசியில்... ஊதா நிறத்தில் ஒரு ஜோடி செருப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்று நான்தான் அவளைப் பழக்கினேன்.

பிள்ளை உள்ளே இருக்கிறது.

வலைக்கதவை இழுத்தேன். அசையவில்லை.

உள்ளே... டப்... டப்... டப்... வெறுங்கால்கள் ஓடும் சத்தம். நிறையக் கால்கள்.

பயம் வந்தால் ஓதும் ஆயத்துல் குர்ஸி பாதியில் மறந்துபோனது. டிரெயினிங்கில் படித்ததுதான் வாயில் வந்தது. அதுவும் தமிழில்.

"அவ இந்த வீடு இல்ல. ஆலன்ல எங்க வீட்டுல எண்ணியாச்சு. ஒருத்தர ரெண்டு இடத்துல எண்ணக் கூடாது."

கால்கள் நின்றன.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருந்தது.

"ஆர் யூ ஷ்யூர்?" என்றாள்.

"ஆமா."

க்ளிக்.

கதவு திறந்தது. ஹஃப்சா வெறுங்காலோடு வந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். 8.04க்கு ஹைவேயில் இருந்தோம். பின் சீட்டிலிருந்து சாதாரணமாகச் சொன்னாள்.

"உம்மா, தே வேர் ஷோயிங் மீ மை பெட்." அவளுக்கென்று போட்டிருந்த கட்டிலைக் காட்டினார்களாம்.

மறுநாளே வேலையை விட்டேன். போனை வாங்கிப் பார்த்த சூப்பர்வைசர், கடைசி வீடும் முடிந்திருக்கிறது, எட்டுப் பேர் என்று பாராட்டினார். நான் சப்மிட் அழுத்தவே இல்லை.

பிள்ளையைக் கூட்டிப் போனதற்குத் திட்டுவார் என்று பயந்து, ஹாமித்திடம் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. நவம்பரில் ஒரு நாள் மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். நல்லவேளை, மார்ச்சிலேயே நீங்கள் ஆன்லைனில் நம் வீட்டு ஃபார்மை நிரப்பிவிட்டீர்கள், அதனால்தான் பிள்ளை திரும்பக் கிடைத்தது என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேர்னுதான் போட்டேன் ருக்ஸானா. பெரியவங்கள மட்டும்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

கணக்கெடுப்பு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இனி 2030தான். அதுவரை இந்த நாட்டில் என் மகளை எண்ணியிருக்கும் ஒரே வீடு அந்த மண் பாதை வீடுதான்.